ஊஞ்சலில் அப்பா தோற்ற கதை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தூத்துக்குடி கடற்கரைச் சாலைப் பூங்காவில், ஊஞ்சலைப் பற்றிய ஒரு வாக்குவாதத்தில் அப்பா அம்மாவிடம் படுதோல்வி அடைந்தார். தெரு முழுக்க அதைச் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. அம்மா பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்தும் டீச்சர். அந்த வருடம் தம்பிப் பாப்பா வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பாப்பாவை இயேசப்பா தன்னிடமே வைத்துக்கொண்டார் என்று அத்தை சொன்னாள். எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் படவில்லை; ஆனாலும் கேட்கவில்லை. பக்கத்து ஊர் நாசரேத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஜெபம் செய்தார்கள், காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. பள்ளிக்கூடமும் போகவில்லை. என் தலையை அத்தைதான் பின்னிவிட்டாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சமைத்துப்போட வந்திருந்தாள். நல்ல கனத்த சரீரம். அவள் ஏறினால் ரிக்‌ஷாக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார்.

சாயங்காலங்களில் அப்பா என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். உப்புக்காற்றில் துருப்பிடித்த சங்கிலி ஊஞ்சல் அங்கே உண்டு. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா திடீரென்று ஊஞ்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“ஏளா, நீ ஒல்லி. அதான் ஊஞ்சல் மெதுவாப் போய் மெதுவா வருது. உங்க அத்தைய உக்கார வச்சா விருட்டுனு வந்துரும். எடை கூடக் கூட வேகம் கூடும்.”

பக்கத்தில் இருப்பவளிடம் பேச அவ்வளவு சத்தம் தேவையில்லை. மறுநாள் இன்னொன்று சொன்னார். போன ஊஞ்சலைத் திருப்பி அனுப்புவது கடல்காற்றுதானாம். கடலை விட்டு உள்ளே தள்ளி, புதுக்கோட்டைப் பக்கம் போய்விட்டால் ஊஞ்சல் சரியாக ஆடாதாம். அத்தை அதையும் நம்பினாள். “இருக்கும், அங்கன காத்து கம்மிதான்” என்றாள்.

அதற்கடுத்த ராத்திரி, “பள்ளிக்கூடத்துல கேட்டா இப்படியே எழுது” என்று அப்பா என்னிடம் சொன்னதும், உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“அது தப்பு.”

அத்தையின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பா மட்டும் தலைநிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எப்படித் தப்பு?” என்றார்.

“எடைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. சங்கிலி நீளந்தான் கணக்கு. அக்கா உக்காந்தாலும் இவ உக்காந்தாலும் போயிட்டு வார நேரம் ஒண்ணுதான்.”

“நான் கண்ணால பாத்தத இல்லங்கியா?”

“கடியாரம் வச்சுப் பாத்தியளா?”

“அது பாக்கல.”

“பாக்காம பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கிய?”

மறுநாள் சாயங்காலம் அம்மா குளித்து, தலை சீவி, நின்றுபோயிருந்த தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அப்பாவின் கடிகாரத்தை அவள் நம்பவில்லை. நாலு பேரும் பூங்காவுக்கு நடந்தோம். மெலிந்துபோயிருந்த அம்மா வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அப்பா அதைப் பார்க்காதவர்போல் அவள் கூடவே நின்றார்.

முதலில் நான் உட்கார்ந்தேன். “ரொம்ப இழுக்காதிய, கொஞ்சமா இழுத்து விடுங்க” என்று அம்மா அப்பாவை அதட்டினாள். ஊஞ்சல் பத்துத் தடவை போய்வரும்வரை முள்ளையே பார்த்தாள். பிறகு அத்தையின் முறை.

“ஏலே தம்பி, என்னய எதுக்குல இதுல இழுத்து விடுத?” என்று அத்தை கெஞ்சினாள். உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். சங்கிலி அழுதது. ஆனால் நேரம் ஒன்றேதான். அம்மா கடிகாரத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். “ரெண்டு பேர வச்சு முடிவு கட்ட முடியுமா? நடுவாந்திரமா ஒரு எடை வேணும்லா?”

அம்மா சுற்றிலும் பார்த்தாள். கடலை விற்பவரைத் தவிர யாருமில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கடிகாரம் என் கைக்கு வந்தது. அப்பா இழுத்துவிட்டார். நான் எண்ணி முடித்து, “அதே நேரந்தாம்மா” என்று கத்தினேன். அம்மா இறங்கவில்லை. முன்னால் போகும்போது காலை நீட்டி உடம்பைப் பின்னால் சாய்த்தாள். பின்னால் வரும்போது காலை மடக்கி முன்னால் குனிந்தாள். யாரும் தள்ளவில்லை. ஊஞ்சல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் உயரம் போனது.

“யாரு தள்ளுதா?” என்றாள் அத்தை, பயந்துபோய்.

“யாரும் தள்ள வேண்டாம் அக்கா. திரும்புற நேரம் பாத்துச் சாஞ்சாப் போதும்” என்று மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சொல்லும்போதே சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. அப்பா சட்டென்று கடல் பக்கம் திரும்பி, கடலைக்காரரிடம் விலை கேட்கப் போனார். வாங்காமலே வெகுநேரம் அங்கே நின்றார்.

திரும்பும்போது எனக்கு அப்பாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. எல்லார் முன்னாலும் தோற்றுவிட்டாரே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பரவால்லப்பா, ஒங்களுக்குத் தெரியாதுல்லா” என்று ஆறுதல் சொன்னேன். “ஆமா, எங்க தெரியுது” என்றார்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், ஊசல் கணக்கொன்று புரியாமல் விழித்தபோது, அப்பா என் பேனாவை வாங்கி எங்கும் தடங்கலில்லாமல் போட்டுக் காட்டினார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். துறைமுக வேலைக்கு வருமுன் அவர் சாத்தான்குளத்தில் பௌதிக வாத்தியாராக இருந்தாராம். அதே பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர்தான் அம்மா.

நேரே அடுக்களைக்குப் போய், “அன்னைக்கு அப்பா நம்மள நல்லா ஏமாத்திருக்காங்கம்மா” என்றேன்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “ஒன்னயும் ஒங்க அத்தையயும்தான்” என்றாள். “உங்க அப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சா நான் எந்திரிச்சு வந்தேன்?”