அண்ணன் அனுப்பிய ‘போலே’

அண்ணன் சாகக் கிடந்தபோது அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, பதிலுக்குக் கோழியைப் பற்றி ஒரு கிண்டல் அனுப்பியவன் நான். இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் கல்யாண வீடுகளில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். அதே வாய்தான். ஐம்பத்தெட்டு வயதில், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தும், இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லைப் படிக்கத் தெரியாமல் போனவன் எழுதுகிறேன். பொறுக்க முடியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். அண்ணனின் புகைப்படங்கள் அங்கே நன்றாக வந்திருக்கின்றன.

அண்ணன் பினாங்கின் டத்தோ கிராமாட்டில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவர் நெஞ்சுவலியில் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. பள்ளிப் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அந்தப் பையை வைத்து நான் எதுவும் சாதிக்கவில்லை என்பது உறவினர் அனைவரும் அறிந்ததே.

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைப்பவராகச் சேர்ந்து, இயந்திரம் பழுதுபார்ப்பவராக ஓய்வு பெற்றார். அண்ணியை மணந்து சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே ஒன்பதாம் நாளில் போய்விட்டான். அதைப் பற்றி அண்ணன் யாரிடமும் பேசியதில்லை. எல்லாவற்றையும் கிண்டல் செய்யும் நானும் அதைத் தொட்டதில்லை.

ஓய்வு பெற்ற ஆண்டில் நம் சபையிலிருந்து நான்கு பேர் ஊழியத்துக்காகத் தான்சானியாவின் உட்புறக் கிராமச் சபைகளைப் பார்க்கப் போனார்கள். மூவர் திரும்பி வந்து படம் காட்டிவிட்டு ஓய்ந்தார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் கிளம்பினார். மண்சுவர், தகரக் கூரை, ஒரு சபையிலிருந்து அடுத்ததற்கு நடை. பிரசங்கம் அவருக்கு வராது. ஐந்து நிமிடத்தில் ஆமென் சொல்லிவிட்டுத் தண்ணீர் பம்பைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார். போகும் சபையில் எல்லாம் ஒரு கோழி கொடுப்பார்கள், மறுக்கக் கூடாது. ஒரு சபையின் கோழியை அடுத்த சபையில் கொடுத்து, அங்கே கிடைத்ததை அதற்கடுத்த சபைக்குத் தூக்கிக்கொண்டு போவார். “கடைசிச் சபைக்குப் போறப்ப கோழிக்கு என்னைவிட நல்லா வேதம் தெரியும்டா” என்பார்.

ஆனால் சாப்பாட்டுக்கு முன் அவரை அழைத்துப்போகும் இடம் கல்லறைதானாம். போன வருகைக்குப் பிறகு இறந்தவர்களின் குழிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, பெயர் சொல்வார்கள். பல குழிகள் ஒரு முழ நீளம்தான் இருக்கும். அண்ணன் அந்தப் பெயர்களை ஒரு பள்ளி நோட்டில் தமிழில் எழுதி வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அண்ணியும் உட்கார்ந்து அவற்றை வாசித்து ஜெபிப்பார்கள். நோட்டின் முதல் வரியில் இருப்பது ஆப்பிரிக்கப் பெயர் அல்ல, தங்கள் மகனுக்கு வைக்க நினைத்திருந்த பெயர் என்று அண்ணி சென்ற மாதம்தான் சொன்னார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். முதல் பயணம் முடிந்து வந்தபோது அண்ணன் சொன்னார்:

“வேர் தடுக்கி விழுந்துட்டேன்டா. பத்துப் பொம்பளைங்க ஓடி வந்து ‘போலே, போலே’ங்கிறாங்க. விழுந்து கெடக்கிறவனைப் பார்த்து போலேன்னா என்ன அர்த்தம்?”

“இன்னொரு தடவை விழலாம், போலே-லான்னு அர்த்தம் அண்ணே.”

வீடே சிரித்தது. நமக்கு மலாயில் போலே என்றால் முடியும், ஆகட்டும். அவர்களுடைய சுவாஹிலியில் போலே என்றால் உன் துன்பத்துக்காக வருந்துகிறோம் என்று பொருள். காதால் கேட்டால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். தமிழில் எழுதினால் அதுவும் போய்விடும், இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். இந்தக் கதையை நான் எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். கை தட்டியவர்களில் நீங்களும் இருக்கலாம்.

கடைசிப் பயணத்தில் மழை காலம் தவறி மறுபடி பிடித்துக்கொண்டது. நான் வேலை இடத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதிய நேரத்தில் கைப்பேசியில் அண்ணனின் செய்தி வந்தது.

“மூன்று நாளாகக் காய்ச்சல். பாலம் போய்விட்டது. டவுனுக்குப் போக வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாரும் போலே என்கிறார்கள். அண்ணியிடம் சொல்லாதே.”

நான் எழுதினேன்: “போலேன்னா கவலை என்ன அண்ணே. வண்டியில கோழிக்கும் சீட் பிடிங்க.”

அவ்வளவுதான். மீ கோரிங் ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.

அந்த டவுனில் மிஷன் வீடு ஒன்று இருக்கிறது. அவர்களிடம் ஜீப் உண்டு. பாலம் இல்லாவிட்டாலும் சுற்றுவழியில் அரை நாளில் வந்துவிடும். அவர்களுடைய எண்ணை அவசரத்துக்கு என்று அண்ணனே என் கைப்பேசியில் பதிய வைத்திருந்தார். அண்ணன் இருந்த கிராமத்திலிருந்து பேச முடியாது. செய்தி அனுப்பவே யாராவது கைப்பேசியைக் குன்றுக்குமேல் எடுத்துப்போக வேண்டும். பினாங்கிலிருந்து ஒரே ஒரு அழைப்புப் போதும். தனக்காக உதவி கேட்கத் தெரியாத மனிதர் அவர் என்பதும் எனக்குத் தெரியும். “கூப்பிடு” என்று அவர் எழுதவில்லை. எழுதாமலே புரிந்துகொள்வேன் என்று நினைத்திருக்கிறார். என்மேல் அவர் வைத்த அபிப்பிராயங்களில் தவறிப்போனது அது ஒன்று மட்டுமல்ல, ஆனால் அதுதான் கடைசி.

மறுநாள் என் செய்திக்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. வண்டி ஏறிவிட்டார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அந்தச் சபையின் உபதேசியார் எலியா ஆற்றைக் கடந்து டவுனுக்கு வந்து அழைத்தார். வழக்கமாகக் குன்றுக்குக் கைப்பேசியை எடுத்துப்போகிறவர் அவர்தான். அழைத்ததும், “போலே. போலே சானா” என்றார். மிகவும் வருந்துகிறோம் என்று பொருள். அவர் வேறெதுவும் சொல்வதற்கு முன்பே எனக்கு இரண்டும் சேர்ந்து விளங்கிவிட்டன. அண்ணன் இறந்துவிட்டார் என்பதும், அந்தச் சொல்லை நான் எந்த மொழியில் படித்தேன் என்பதும்.

கட்டிலோடு அவரை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைவரை போயிருக்கிறார்கள். தண்ணீர் வடியும்வரை காத்திருந்த நேரத்தில் உயிர் பிரிந்தது. அங்கேயே, அந்தச் சிறு குழிகளின் வரிசையில் அடக்கம் செய்தார்கள்.

“என் செய்தியைப் படித்தாரா?” என்று கேட்டேன்.

“படித்தார். சிரித்தார். பிறகு போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்” என்றார், தெரிந்த ஆங்கிலத்தில்.

அண்ணியிடம் சொல்லாதே என்றாரே, அதை ஓர் ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தேன். வாழ்நாளில் அண்ணன் சொல்லி நான் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

கட்டில் சுமந்த எட்டுப் பேருக்கும், தம் போர்வையை அண்ணனுக்குப் போர்த்தி அனுப்பிய உபதேசியாரின் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே இந்த ஆண்டு அங்கே போகும் சபையார் இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுவதும் அண்ணிக்குச் சோறு கொண்டுவந்த அடுக்குமாடி அக்காமார்களுக்கும், ஆராதனை நடத்திய போதகருக்கும், இன்று வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி.

போன வாரம் இந்தக் கட்டுரையை எழுதி எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். அப்போது அதில் அண்ணனின் நற்குணங்கள் மட்டும் இருந்தன. கோழிக் கதையும் இருந்தது. மற்றது இல்லை. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் நல்லா இருக்கு தம்பி. கடைசி நாளைப் பத்தி ஒண்ணுமே இல்லையே. உனக்கு ஒண்ணும் அனுப்பலையா அவரு?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் கைப்பேசியை எடுத்து அந்த இரண்டு செய்திகளையும் காட்டினேன். போலே என்றால் அங்கே என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். திரை அணைந்தது. விரலால் தொட்டு மறுபடி பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“அண்ணி, திட்டுங்க. எதுனாலும் சொல்லுங்க. இதையும் மலர்ல எழுதணுமா? வேணும்னா கடைசியில, சின்னதா ரெண்டு வரி…”

அண்ணி அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

“முதல் வரியில எழுது.”