பானிபூரிக்காரரின் கட்டைவிரல்

தேயிலை எஸ்டேட்டில் என்னோடு கொழுந்து பறிக்கும் செல்வி, லீவு நாளில் ஊட்டிக்குக் கூட்டிப்போய் முதல்முறையாக எனக்குப் பானிபூரி வாங்கித் தந்தாள். கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதே கையின் கட்டைவிரலால் பூரியை உடைத்து, மணிக்கட்டு வரை பச்சை நிறப் புதினாத் தண்ணீருக்குள் முக்கி நீட்டினார். முழுதாக வாயில் போட மனமில்லாமல் பாதி கடித்தேன். புளித்தண்ணீர் ஸ்வெட்டருக்குள் சில்லென்று வழிந்தது. துப்பிவிட்டேன்.

“கருமம்! அந்தக் கைய முக்குன தண்ணியையா குடிக்கறே?”

செல்வி அடுத்த பூரியை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க அக்கா, கால்ல ஏறுன அட்டையப் புடுங்கி வீசுன கையோடதானுங்க நாம கொழுந்து பறிக்கறோம்? அத ஊரே குடிக்குதுங்களே!”

வாயிலிருந்த புளிப்பு போகப் பக்கத்துக் கடையில் டீ வாங்கினேன். டம்ளரைப் பிடித்திருந்த என் கொழுந்துக் கறை படிந்த கட்டைவிரல் கண்ணில் பட்டது.

பானிபூரியை அப்புறம் நான் தொடவே இல்லை. டீயை விட முடியவில்லை. ஆனால் முதல் மடக்கை மட்டும் இன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிக்கிறேன்.