கறுப்பு டேப்புக்குக் கீழே

வேனின் நடு சீட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சீட் நகரும் தடத்துக்குள் காய்ந்து ஒட்டியிருந்த வாந்தியைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டிருந்தாள் கெர்ட்ரூட். வெள்ளிக்கிழமை எடுத்த வாந்தி. அன்றே கழுவச் சொல்லியிருந்தாள். கொழுந்தன் பெரியநாயகம் அதன்மேல் முகப் பவுடரைக் கொட்டி, பேப்பரை விரித்துவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, பவுடரும் புளிப்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

அறுபத்து நான்கு வயதில் ஒரு வாந்திக்கு முகம் சுளிக்கிறவள் அல்ல கெர்ட்ரூட். முப்பத்தைந்து வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் பெட்பேன் எடுத்து, சீழ் துடைத்து, பிணத்துக்குத் தாடை கட்டியவள். அழுக்கு அவளுக்குப் பழக்கம். மூடிவைத்த அழுக்கைத்தான் அவளால் சகிக்க முடியாது.

பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள், பஸ் நின்றுபோனது, சிறுநீரகம் கெட்ட கிழடுகள் மட்டும் மிஞ்சினார்கள். வேலை ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பழைய வேனை வாங்கி, அவர்களை வாரம் மூன்று நாள் ஈப்போவில் உள்ள டயாலிசிஸ் மையத்துக்கு ஏற்றிப் போக ஆரம்பித்தாள். செத்துப்போன கணவனின் தம்பி பெரியநாயகத்தை ஓட்டுநராக வைத்தாள். யாரிடமும் அவள் நன்றி எதிர்பார்க்கவில்லை. வாசலில் நேரத்துக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேன்தான் இரண்டு வாரமாகக் காய்ச்சல் கண்டவனைப்போல நடுங்கியது. காலையில் கிளப்பினால் ஒழுங்காக ஓடும். சூடேறி, ஈப்போவின் முதல் டிராபிக் லைட்டில் நின்றதும் குலுங்க ஆரம்பிக்கும். சில சமயம் அணைந்தே போகும். அணைந்தால் பிரேக் கல்லாகிவிடும். மெக்கானிக் தர்மா ஒரு தடவை பிளக் மாற்றினான், இன்னொரு தடவை பெட்ரோல் பில்டர் மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அந்தக் குலுக்கலில்தான் டயாலிசிஸுக்கு வரும் குல்ஜார் பேகம் வாந்தி எடுத்தார்.

பெரியநாயகம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஐம்பத்தெட்டு வயது, தலைக்குக் கறுப்பு மை.

“என்னா அண்ணி, கூப்பிட்டீங்களாம்.”

“நாளைக்கு வண்டி ஓடுமா?”

“தர்மா கடை நாளைக்கு லீவு. செவ்வாக்கிழமை கொண்டு போலாம்லா.”

“குல்ஜார் அக்காவுக்கு நாளைக்கு.”

“ஒரு நாள் தள்ளிப்போனா என்னா ஆயிடும்?”

என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கு அப்புறம் இரண்டு நாள் இடைவெளி. குல்ஜார் பேகத்துக்கு எழுபத்தொரு வயது, இதயமும் வீக்கு. காலையில் போனில் பேசியபோதே மூச்சு இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றது. கால் எப்படி என்று கேட்டதற்கு, அழுத்தினால் குழி விழுகிறது என்றார். செவ்வாய் வரை விட்டால் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறும். அப்படிப் போனவர்களை வார்டில் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்தபடியே மூழ்குவார்கள்.

“வாடகைக் கார் பிடிச்சிக்கச் சொல்லுங்க.”

“வீல்சேர்ல இருந்து தூக்கி வைக்கிறது யாரு? உங்கப்பனா? சீட்டைத் தூக்கு.”

அந்த வேனுக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். மூடியைத் தூக்கியதும் எலிப் புழுக்கை, பிஸ்கட் உறை, பாதி தின்ற ஒரு கறிப்பப் பலகாரம். கெர்ட்ரூட் எல்லாவற்றையும் ஒரு பையில் வாரிப் போட்டாள்.

“இருபது நிமிஷம் ஓடட்டும்” என்றாள். “சூடானாத்தானே நோய் தெரியும்.”

“ரெண்டு தடவை தர்மா பாத்துட்டான் அண்ணி. நீங்க என்னாத்தைப் பாக்கப் போறீங்க?”

“அவன் ஆறின வண்டியைப் பாத்தான்.”

பதினைந்தாவது நிமிஷம் இன்ஜின் ஏறி இறங்க ஆரம்பித்தது. கெர்ட்ரூட் குனிந்து காதைக் கொடுத்தாள். எங்கோ மெல்லிய சீறல் கேட்டது. சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினில் குழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் வரும் அதே சத்தம். உறிஞ்ச வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வெறும் காற்றைக் குடிக்கிற சத்தம். வார்டில் அந்தச் சத்தம் கேட்டால் மெஷினைத் தட்டமாட்டாள், குழாயைத்தான் தடவிப் பார்ப்பாள்.

வீட்டுக்குள் போய், ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி ஒன்றை எடுத்து வந்தாள். அதன் பல்லில் துணியைச் சுற்றி, இன்ஜினிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்தாள். முதல் குழாயில் மாற்றம் இல்லை. இரண்டாவதை நெரித்ததும் இன்ஜின் இன்னும் மோசமானது, விட்டுவிட்டாள். மூன்றாவது, கறுப்பு டேப் சுற்றிய தடித்த குழாய்.

“அதைத் தொடாதீங்க அண்ணி, சூடா இருக்கு” என்றான் பெரியநாயகம்.

மற்ற இரண்டும் சூடாகத்தான் இருந்தன. அப்போது அவன் வாயே திறக்கவில்லை. கெர்ட்ரூட் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதை நெரித்தாள். குலுக்கல் நின்றது. இன்ஜின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. விட்டாள், குலுங்கியது. மறுபடி நெரித்தாள், நின்றது.

“சாவியைத் திருப்பி அணை.”

டேப்பைப் பிரித்தாள். உள்ளே ரப்பர் இல்லை. மஞ்சள் பாய்ந்த, வெந்து குழைந்த பிளாஸ்டிக் குழாய். சூட்டில் இளகி, ஒரு முனை இன்ஜினோடு சேரும் கழுத்திலிருந்து பாதி நழுவித் தொங்கியது. நடுவில் வெள்ளைக் கிளிப் ஒன்று. அந்தக் கிளிப்பை வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை மூடித் திறந்திருப்பாள்.

“இது மூத்திரப் பை டியூப்.”

பெரியநாயகம் செருப்பைப் பார்த்தான்.

“யாரோடது?”

“சின்னையாவோடது. பழசு. கழுவிட்டுத்தான் போட்டேன்.”

“எதுல கழுவுன?”

“தண்ணியில.”

சின்னையா அந்த வேனில் வரும், ரப்பர் பால்மரம் வெட்டிய பழைய தொழிலாளி. பை மாற்றியதும் கட்டி எறியச் சொல்லி கெர்ட்ரூட்தான் பெரியநாயகத்திடம் கொடுத்திருந்தாள். இவன் குழாயை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். எலியைத் துரத்தப் போய் ஸ்க்ரூடிரைவரால் பழைய குழாயைக் கிழித்தானாம். அன்று கடை லீவாம். இது அளவாகப் பொருந்தியதாம். ஆறின வண்டியில் நன்றாக ஓடியதாம். அப்புறம் சொல்ல வெட்கமாம்.

“தர்மா பிளக்கைக் கழட்டுறப்ப பக்கத்துலதானே நின்ன?”

“நின்னேன்.”

“அப்பவும் வாயத் தொறக்கலை.”

“டேப்பு நல்லா ஒட்டியிருந்துச்சு அண்ணி. அவனும் கேக்கலை.”

கெர்ட்ரூட் பிரித்த டேப்பை அவன் கையில் திணித்தாள். கோபம் மூத்திரத்துக்காக அல்ல. இரண்டு வாரமாக மூச்சுத் திணறுகிற மனுஷியைப் பின்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு டிராபிக் லைட்டிலும் பெட்ரோல் சரியில்லை என்று வாய் கூசாமல் சொன்னானே, அதற்காக.

“ஏறு. உஸ்மான் கடைக்குப் போலாம்.”

“ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும்.”

“மாடியிலதானே குடியிருக்கான்.”

குழாயைக் கழற்றிய இடத்தை டேப்பால் அடைத்து, வேனை மெல்ல ஊர்ந்து ஓட்டிப் போனார்கள். உஸ்மான் உதிரிபாகக் கடைக்காரர். மத்தியானத் தூக்கம் கலைந்த எரிச்சலில், கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து பாதி ஷட்டரைத் தூக்கினார்.

“என்னா அக்கா, அப்படி என்னா அவசரம்?”

“இவரு சொல்லுவாரு” என்று கெர்ட்ரூட் நகர்ந்து நின்றாள்.

பெரியநாயகம் சொன்னான். மென்று விழுங்கிச் சொன்னான். உஸ்மான் குழாயை வாங்கக் கை நீட்டி, கேட்டு முடித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏன் மச்சான், இன்ஜினுக்கு ஒண்ணுக்கு வரலேன்னா போட்ட?”

எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும் கெட்டி ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி, இரண்டு இரும்புக் கிளிப்போடு கொடுத்தார். குழாயின் வாயைக் கெர்ட்ரூட் விரலால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தாள். சப்பையாகவில்லை. சரி என்றாள். கடை வாசலிலேயே மாட்டினார்கள். மாட்டியது பெரியநாயகம், கிளிப் இறுகியதா என்று இழுத்துப் பார்த்தது அவள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேனைக் கிளப்பி, முழு இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டாள். குலுக்கல் இல்லை. பிரேக்கை நான்கு தடவை மிதித்தாள், கால் மெத்தென்று இறங்கியது. பெரியநாயகம் சாவிக்குக் கை நீட்டினான்.

“நீ பின்னால உக்காரு. அக்காவைப் பிடிச்சிக்க.”

குல்ஜார் பேகத்தை இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். கணுக்கால் இரண்டும் பன் ரொட்டிபோல உப்பியிருந்தன. வேன் நகர்ந்ததும் கெர்ட்ரூட் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: “அக்காகிட்ட சொல்லு. வண்டி ஏன் ஆடுச்சுன்னு.”

அவன் சொல்லி முடிக்கும்வரை குல்ஜார் பேகம் கண்ணை மூடிக் கேட்டார்.

“சின்னையா மூத்திரத்துக்கா” என்று மூச்சு வாங்கினார், “நான் வாந்தி எடுத்தேன்?”

“இல்லக்கா, கழுவுனேன்...”

“கையைக் கழுவுனியா? இல்லைன்னா என்னைத் தொடாத. சீட்டைப் பிடிச்சிக்க.”

ஈப்போவின் முதல் டிராபிக் லைட்டில் சிவப்பு விழுந்தது. கெர்ட்ரூட் நிறுத்தினாள். இன்ஜின் அசையவில்லை. ஆறே முக்காலுக்கு மையத்தில் எடை பார்த்தார்கள்: நான்கு கிலோ தண்ணீர் கூடியிருந்தது. நர்ஸ் முதல் படுக்கையைக் காட்டினாள். ஏழு மணிக்கு ஊசி ஏறி, மெஷின் சுற்ற ஆரம்பித்தது.