பள்ளிக்கூடத்துக்குப் போகாத ஐப்பசி

எங்கள் வீடு என்னைவிட மூத்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் சின்னதாக ஒரு தாழ்வாரம். மாடிக்கு ஏறும் படிகளை அப்பா பிற்பாடு பக்கவாட்டில் கட்டினார். தெரு மேட்டில் இருப்பதால் வெள்ளம் உள்ளே வராது. எங்களுக்குப் பயம் மேலேயிருந்துதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கூரை ஒழுகும். ஒழுகிய இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து விழும். அதனால் ஒவ்வொரு வருடமும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவோம்.

நான் படித்த பள்ளிக்கூடம் அது. எங்கள் குடும்பத்தில் புத்தகப் பையோடு அதற்குள் நுழைந்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் அங்கே போனதெல்லாம் ஓட்டுப் போடவும் மழைக்கு ஒதுங்கவும்தான். ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு மழைக்கு என் வகுப்பறையிலேயே, என் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். மழை விட்டு வகுப்பு தொடங்கிய அன்று பெஞ்சுக்கு அடியில் அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்று கிடந்தது. யாருடையது என்று ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து போய் எடுத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டேன். சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். தலை குனியவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இப்போது தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன புரட்டாசியில் முடிவு செய்தேன்: இந்த ஐப்பசிக்கு நாங்கள் பள்ளிக்கூடம் போகக் கூடாது.

வீட்டைப் பார்க்க வந்த கொத்தனார், கம்பி இன்னும் இற்றுப்போகவில்லை, பூச்சுதான் போயிருக்கிறது, சரிசெய்யலாம் என்றார். ஆனால் பொங்கல் கழித்துத்தான் வர முடியுமாம். பொங்கல் கழித்து எங்களுக்கு மழை ஏது? என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். மீதியைச் செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் உட்கூரை. முக்காலி மேல் ஏறி, சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். கெட்டியான இடம் 'ணங்' என்றது. உள்ளே விட்டுப்போன இடம் வெறும் தகர டப்பாவைத் தட்டினாற்போல் ஒலித்தது. அப்படி ஒலித்ததையெல்லாம் உளி வைத்துக் கொத்திக் கீழே தள்ளினேன். தலையில் துண்டு, கண்ணுக்கு, அண்டை வீட்டுச் சித்தியின் மகன் பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடி. எட்டிப் பார்த்த சித்தி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்டி, உன்ன காலேஜுக்கு அனுப்புனது இதுக்குத்தானா?"

"இதுக்குந்தான் சித்தி."

"நாள பின்ன பொண்ணு பாக்க வந்து, பொண்ணு எங்கன்னு கேட்டா என்னத்த சொல்றது? கூரையில தொங்குதுன்னா?"

"வர்றவருக்குக் கலவை போடத் தெரியுமான்னு கேளுங்க."

"கொத்தனாரம்மாவுக்கு வாயப் பாரு!" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு அதுதான் பெயர்.

கம்பியின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்தேன். துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பூச்சு அடித்தேன். சிமெண்டில் ஒட்டு மருந்து கலந்து, கொத்தனார் கரணையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி ஒட்டினேன். முதல் கலவை தண்ணீர் கூடிப்போய் அப்படியே என் தோளில் வந்து விழுந்தது. அடுத்ததைக் கெட்டியாகப் பிசைந்தேன். நின்றது. ஆயுத பூஜை விடுமுறை முழுக்க அண்ணாந்தே இருந்ததில், அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்க்கக் கழுத்து வரவில்லை.

அடுத்தது மாடி. அங்கேதான் காரணம் கிடைத்தது. மழைத்தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் வைக்கோல் பிரி திணித்திருந்தது. அதைச் சுற்றித்தான் விரிசல் அதிகம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நெல்லு காயப் போடையில ஓட்ட வழியா கொட்டிப்புடும்ல. அதுக்கு அடைக்கிறதுதான்" என்றார்.

"அடைச்சத எடுக்கிறது?"

"எடுப்பேன். எப்பவாச்சும் மறந்துருப்பேன்."

கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்த அப்பா, குத்தகைக்கு நிலம் பிடித்து முதன்முதலில் தன் நெல் என்று காயப்போட்டது அந்த மாடியில்தான். ஒரு மணியும் வீணாகக் கூடாது என்று அடைத்திருக்கிறார். தண்ணீர் அங்கேயே நின்று நின்று கூரைக்குள் இறங்கியிருக்கிறது.

பிரியை உருவி எறிந்தேன். பாசியைச் சுரண்டிக் கழுவினேன். விரிசல்களைக் கீறி, பசையால் அடைத்து, மேலே வலைத்துணி ஒட்டினேன். வெயில் காய்ந்த இரண்டு நாள் பார்த்து, நீர் இறங்காத வெள்ளைப் பூச்சை இரண்டு முறை அடித்தேன். மாலை வெயிலில் மாடியைப் பார்க்கக் கண் கூசியது.

"டப்பாவுல போட்டிருக்கு, இது நல்லா இறுகணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் மேல கால் வைக்கக் கூடாது" என்று இருவரிடமும் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். மாடி ஏறினேன். என் வெள்ளைத் தளம் முழுக்கக் குறுவை நெல். அப்பா அதன் நடுவில் நின்று காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுத்தமான களம் ஊருலயே கிடையாது பாப்பா" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. "செருப்பக்கூட கீழயே விட்டுட்டுத்தான் ஏறுனேன்."

குனிந்து ஒரு கை அள்ளினேன். மேல் நெல் வந்தது. அடி நெல் வரவில்லை. பூச்சில் பதிந்து, நட்டு வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் வலைத்துணி சுருண்டிருந்தது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க!"

"மழ வரப்போவுது. ஈரத்தோட கொண்டுபோனா கொள்முதல்ல எடுக்க மாட்டான். ரோட்டுல எடமில்ல. நான் எங்க போய்க் காயவைக்கிறது? உன் மாடி பெருசா, என் நெல்லு பெருசா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்காக நான் விடுவதாக இல்லை.

"நெல்லு வூட்டுக்குள்ள காயட்டும்" என்றேன். "ஃபேனுக்குக் கீழ கொட்டுங்க. நாம தாழ்வாரத்துல படுத்துக்கலாம்."

"அறை பூரா நெல்லா?" என்றார் அம்மா.

"பள்ளிக்கூடத்துல படுக்கலாம், தாழ்வாரத்துல படுக்க மாட்டியாம்மா?"

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். மூவருமாக நெல்லை இறக்கினோம். ஒட்டியதை நான் கரணையால் சுரண்ட, அப்பா கதிர் அரிவாளின் முனையால் ஒவ்வொன்றாக நெம்பினார். ஒரு மணியைக்கூடத் தூர எறியவில்லை. ஒட்டியதெல்லாம் கோழிக்குப் போனது. சுருண்ட வலைத்துணியை வெட்டி எடுத்து, புதிது ஒட்டி, மறுபடி இரண்டு பூச்சு. இந்த முறை பூச்சு இறுகும்வரை படிக்கட்டுக்குக் குறுக்கே அம்மா தன் கட்டிலைப் போட்டுவிட்டார்.

அறையில் காய்ந்த நெல்லைத் தீபாவளிக்கு முன்பே அப்பா கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டார். தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்தது. இரண்டாம் நாள் பிற்பகல் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு பழுதானவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரலாம், சாப்பாடு ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். அம்மா வழக்கம்போல் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். தெருவில் சித்தி, பாயைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்.

"கொத்தனாரம்மா, வீம்பு புடிக்காம வாடி! தலையில விழுந்தா படிப்பெல்லாம் நசுங்கிப்புடும்."

நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கும் என்று நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையை அம்மாவின் தலைக்கு மேல் வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வேணும்னா போங்கம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

அப்பா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். என் சுத்தியலை வாங்கி, ஒரு மூலையிலிருந்து தட்ட ஆரம்பித்தார். ணங். நகர்ந்து மறுபடி. ணங். நான் பூசிய இடம், பூசாத இடம், எதையும் விடவில்லை. இடையிடையே உள்ளங்கையைக் கூரையில் வைத்து ஈரம் பார்த்தார். வெளியே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் விடாமல் கேட்டது.

அதற்குள் கிராம உதவியாளர் குடையோடு வந்து நின்றார். "என்னண்ணே, இன்னும் கிளம்பலயா?"

அப்பா முக்காலியிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டார். "நாங்க வரல தம்பி. எங்க வூடு நல்லாருக்கு."

அம்மா அவரை ஒரு முறை பார்த்தார், கூரையை ஒரு முறை பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்து, முடிச்சை அவிழ்த்து, உலை வைக்க அரிசியை வெளியே எடுத்தார்.

அறைக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. சமையல்கட்டில் மட்டும், சுவர் கூரையோடு சேரும் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, ஈரத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டேன். காலையில் அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தை வெயில் வந்ததும் கொத்த வேண்டும்.