கண்ணாடிக்கு மேலே ஒரு வரி

“அந்த வயரைத் தொடாதீங்க, சுருளக்கா.”

“எந்த வயரை?”

“எதையுமே தொடாதீங்க.”

தொடாமல் ரிப்பேர் செய்யும் வித்தை அவளுக்குத் தெரியாது. வீடியோ விளையாட்டுப் பெட்டியின் பின்பக்கம் தலையை விட்டு, நீள ஸ்க்ரூட்ரைவரை பிக்சர் ட்யூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தாள். மிச்சமிருந்த மின்சாரம் டப்பென்று இறங்கியது. பக்கத்துக் கடைச் சலூன்காரர் துள்ளினார். ஆனால் பிடியை விடவில்லை. சுவரோரம் குந்தி, பெட்டியின் ப்ளக்கை இரண்டு கைகளாலும் சாக்கெட்டோடு அழுத்திப் பிடித்திருந்தார். அவரைத் தேடி வந்த வாடிக்கையாளர், ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையாக, பக்கத்தில் நின்றிருந்தார்.

“திரைக்குப் போற வயர் தனி. அதை மட்டும்தான் கழட்டினேன். உள்ளே ஆட்டம் ஓடுது, சத்தம் கேக்கலையா?”

குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. இருட்டுத் திரைக்குப் பின்னால் யாரோ யாரையோ சுட்டார்கள்.

“அப்ப நான் இருக்கேன்ல?”

“இருக்கீங்க. ஒண்ணாவது எடத்துலயே இருக்கீங்க.”

இதைச் சொல்லும்போது அவள் முகம் பெட்டிக்குள் இருந்தது நல்லதாயிற்று.

அந்தப் பெட்டிக்கு ஞாபகமெல்லாம் மின்சாரம் உள்ளவரைதான். ப்ளக்கைப் பிடுங்கினால் அதிகப் புள்ளி எடுத்த பத்துப் பேரும் அழிந்துவிடுவார்கள். அதனால் கேம் சென்டர் நடத்தும் அவள் அத்தான், அக்கா புருஷன், அதை அணைப்பதே இல்லை. கரண்ட் போனால் தாங்குவதற்கு பேட்டரியும் வைத்திருந்தார். பட்டியலில் முதல் வரி சலூன்காரர். இரண்டாவது வரி அவள். வருஷக்கணக்காக இப்படியே இருந்தது. கழுத்தில் துணி கட்டிய பிறகு யாரும் எழுந்து ஓட முடியாது. சலூனில் உட்கார்ந்த எல்லோருக்கும் அந்த முதல் வரியின் கதை தெரியும். “சுருளக்கா பாவம், ரெண்டாவது” என்பதும் தெரியும்.

அந்த முதல் வரியை உயிரோடு வைத்திருந்தது அவள்தான். அது அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

கல்யாணத்துக்கு முன் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தாள். அத்தானின் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிய காலத்தில், அவர் ஒரு செத்த ஃப்ளைபேக்கைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். உள்ளங்கை அளவு கறுப்புக் கட்டி. பிக்சர் ட்யூபுக்கு வேண்டிய பெரிய வோல்டேஜை அதுதான் தரும். அதைச் செய்த கம்பெனிகள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டன. “இதே மாதிரி ஒண்ணு பண்ணிடு” என்றார், அளவுச் சட்டை கொடுத்துத் தைக்கச் சொல்பவர்போல. அவள் முதலில் செய்தது வெடித்தது. அடுத்தது புகைந்தது. மூன்றாவது படம் காட்டியது. இப்போது முகம் தெரியாதவர்கள் வேறு ஊர்களிலிருந்து செத்த கட்டிகளைப் பார்சலில் அனுப்புகிறார்கள்.

பிசினைச் சூடாக்கி உரிப்பாள். முடியைவிட மெல்லிய கம்பியை அடுக்கடுக்காகப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணுவாள். அதே கணக்கில் புதுக் கம்பியைச் சுற்றி, புதுப் பிசின் ஊற்றி, பிரஷர் குக்கருக்குள் வைத்து, பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரால் காற்றை உறிஞ்சுவாள். பிசினில் ஒரு குமிழி தங்கினாலும் பொறி அந்த வழியாகக் கிளம்பிவிடும். வீட்டில் குக்கர் காணவில்லை என்றால் யாரும் அடுப்படியில் தேடுவதில்லை.

எண்ணும்போது அவள் பேசமாட்டாள். எதைக் கேட்டாலும் நிற்கும் எண்ணைத்தான் சொல்வாள்.

“சாப்பிட வர்றியா?”

“எழுநூத்தி முப்பது.”

இதில் புருஷனுக்கு ஒரு வசதி இருந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய கேள்விகளை அவன் அப்போதுதான் கேட்பான். மாமியார் இரண்டு மாதம் வந்து தங்க ஏற்பாடானது ஆயிரத்துச் சொச்சத்தில்.

“கேட்டேனே, நீ மறுக்கலையே” என்றான் பிறகு.

“எண்ணிட்டு இருந்தேன்டா.”

“அதான் மறுக்கலைன்னு சொல்றேன்.”

அத்தான் பெட்டியிலிருந்து கழட்டி வந்த கட்டியை அவள் பிரித்துக்கொண்டிருந்தபோது சலூன்காரர் வீட்டுக்கே வந்தார். மாமியார் நாற்காலி போட்டு, என்ன விஷயம் என்று கேட்டதுதான் தாமதம். முதல் வரியின் கதை ஆரம்பித்தது. எந்த இடத்தில் குனிந்தார், எந்த எதிரியை ஏமாற்றினார், எப்படிச் சுட்டார். மாமியார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

“நம்ம வீட்டுலயும் ஒருத்தி விளையாடுறாளே?”

“அக்காவா? நல்லா ஆடுவாங்க. ரெண்டாவது.”

“ரெண்டாவதா! அதுவும் பெரிய விஷயம்தான்” என்றாள் மாமியார், மருமகளைப் பார்த்து. வந்த நாளிலிருந்து அவள் மருமகளைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

ப்ளக்கைப் பிடுங்குவது சுலபம். கால் தடுக்கியது என்று சொல்லலாம். ஆனால் அதில் கையின் வேலை எதுவும் இல்லை. அவளுக்கு அது கேவலமாகப் பட்டது. சுற்றுகள் குறைந்தால் வோல்டேஜ் குறையும், வோல்டேஜ் குறைந்தால் படம் உப்பும். பெட்டிக்குள் படத்தின் உயரத்தைச் சரிசெய்யும் திருகு எப்போதோ துருவேறி இறுகிவிட்டது. இதெல்லாம் தெரிந்தவள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

அன்று அவள் சுற்றுவதைச் சீக்கிரமே நிறுத்தினாள்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?” என்றான் புருஷன். கேட்க வேண்டியதை அவன் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

“கை பழகிடுச்சு.”

புதுக் கட்டியைப் பொருத்தியதும் திரை வெளிச்சமாக எழுந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆட்டம் ஒரு சுற்று ஓடிப் பட்டியல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவள் பெயரின் மூன்று எழுத்துகள்.

சலூன்காரர் முகத்தைத் திரைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். கீழிருந்து மேலே பார்த்தார். பெட்டியின் மேல் ஏறிக் கீழே பார்த்தார்.

“நான் எங்க?”

“நீங்க இங்கதானே நிக்கிறீங்க” என்றார் அத்தான்.

“என் வரிங்க! மேல ஒரு வரி இருக்கணும். படம் கண்ணாடிக்கு வெளிய போயிருக்கு!”

“கண்ணாடிக்கு வெளிய படமா?” அத்தான் சிரித்தார். “கேட்டியா கொழுந்தியா?”

அவள் ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டபடி சொன்னாள்: “தெரியுறதுதான் படம். தெரியாததுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை.”

கீழே பத்தாவது வரியும் காணாமல் போயிருந்தது. அது அத்தானுடையது. அவர் கவனிக்கவில்லை.

சலூன்காரர் அவளையே பார்த்தார். கத்தி பிடித்த கைக்குக் கை அசைவு புரியும். “மறைச்சுட்டீங்க. சரி. மறைக்காம ஜெயிக்க முடியுமா உங்களால? இப்ப ஆடிக் காட்டுங்க.”

அவள் துணியில் கையைத் துடைத்துவிட்டு நின்றாள். புள்ளிகள் ஏறும் இடமும் மேலேதான், அதுவும் கண்ணாடிக்கு வெளியே போயிருந்தது. எவ்வளவு எடுக்கிறோம் என்று அவளுக்கும் தெரியவில்லை, பார்ப்பவர்களுக்கும் தெரியவில்லை. எதிரிகள் மேலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் குதித்தார்கள். எங்கே பார்ப்பது என்ற கவலை போனதாலோ என்னவோ, அவள் விரல்கள் தன்போக்கில் ஓடின. வழக்கமாக அவள் சாகும் இடத்தைத் தாண்டினாள். சலூன்காரர் நகம் கடித்தார். கடைசி உயிரும் போனபோது பெட்டி பெயர் கேட்டது. மூன்று எழுத்துகளை அழுத்தினாள்.

பட்டியல் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே சலூன்காரர்.

“வந்துட்டார்யா!” என்று கத்தினார் அத்தான். “மெஷின் சூடானதும் படம் சரியாயிடுச்சு பாருங்க. நான் அப்பவே நெனச்சேன்.”

ஜனங்கள் சலூன்காரரின் முதுகில் தட்டினார்கள். அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் வரி ஒரு படி கீழே இறங்கியதால்தான் கண்ணாடிக்குள் வந்திருக்கிறது. அவருக்கு மேலே, வெளியே, யாரும் பார்க்க முடியாத இடத்தில், அவள் இருக்கிறாள். அவள் ஜெயித்துவிட்டாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எனக்கு மேல யாராவது இருக்காங்களாக்கா?” என்றார் அவர், மிகப் பணிவாக.

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டுமென்றால் சுற்றைக் குறைத்ததிலிருந்து சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

“தெரியுறதுதான் படம். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் சலூன்காரர் கூட்டத்தைப் பார்த்து.

மறுநாள் காலை அவள் கேம் சென்டருக்குப் போனாள். அந்தக் கட்டியை மாற்ற வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டார் அத்தான். அவள் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். படம் பெரிசா இருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்படுறாங்க, நல்லா ஓடுறதைப் பிரிக்காதே என்றார். சலூன் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கழுத்தில் துணி கட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வந்தாள். மாமியார் குக்கரைக் கழுவி அடுப்படிக்கு எடுத்துப் போயிருந்தாள். தபாலில் ஒரு பார்சல் வந்திருந்தது. உள்ளே இரண்டு ஃப்ளைபேக், ஒன்றில் விரிசல். விரிசல் விட்டதை முதலில் சூடாக்க வைத்தாள்.