பதினேழாம் கேள்விக்கு நாலு

கணக்கெடுப்புப் படிவங்களில் துருப்பிடித்திருந்த பின்களைச் சத்யபிரியா நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பின் தப்பினாலும் ஸ்கேன் மெஷினில் தாள் சிக்கிக்கொள்ளும். திருச்செங்கோட்டில் மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை. பதினோரு வருடமாக அதுதான் அவளுக்கு ஆபீஸ். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், சென்னை ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பும் படிவங்களை எண்ணாக்கித் தருவதில் பேர் வாங்கியிருந்தாள். லேசுப்பட்ட வேலையில்லை. 'கோவம் வந்தா கையில கெடக்கறத வீசுவாரு' என்று ஒருத்தி சொல்லியிருந்தால், அதை அடியில் சேர்ப்பதா மிரட்டலில் சேர்ப்பதா என்று அரைநாள் யோசிப்பாள்.

போன மாதம் அனுப்பியது, வீட்டுக்குள் பெண்கள் படும் அடி பற்றிய கணக்கெடுப்பு. ஆராய்ச்சி செய்கிற யாரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அனுப்புமுன் பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாவற்றையும் விதிப்படி அழித்திருந்தாள். படிவங்களும் சென்னைக்குப் போய்விட்டன.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங் அம்மிணி, வேலையா இருக்கறாப்லயா?"

மொட்டப்பாறைக்காட்டுக் குமாரசாமி. அவள் கணவன் வழியில் தூரத்து மாமா முறை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருப்பவர்.

"வாங்க மாமா, உக்காருங்க."

உட்காராமலே சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "தங்கச்சி பையன் காலேஜுல எதோ எழுதோணும்னு எறக்குனானாமா. பாத்தா நம்ம காட்டுப் பேரு! எங்க ரிக்குல எத்தனாவது அடியில பாறைன்னு எழுதற நோட்டாட்டம் வெறும் நெம்பரா நிக்குது. போ, நாங்களும் பெரிய ஆளாயிட்டோம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'வீட்டுக்கு அடையாளம்' என்ற கட்டத்தை அழிக்கவில்லை. அழிக்கவேண்டிய பட்டியலில் அது இல்லை. சென்னையில் சரிபார்த்த ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு மொட்டப்பாறைக்காடு என்பது ஏதோ ஒரு காடு. இந்தப் பக்கம் காடு என்றால் விவசாய நிலம், ஒரு காட்டுக்குள் ஒரே வீடுதான். காட்டின் பேரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகும். அவளையே சொந்தக்காரர்கள் பனங்காட்டுக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்குத் தெரியாதா?

"இந்தப் பதினேழாங் கேள்விக்கு எங்கூட்டுல நாலுன்னு போட்டிருக்குது. நாலுன்னா என்னங்?"

பதினேழு: அடிப்பது யார். ஒன்று கணவன், இரண்டு மாமியார், மூன்று கொழுந்தன், நான்கு மாமனார். எண்களுக்கு அர்த்தம் சொல்லும் விளக்கப் புத்தகம், சென்னைக்கு எழுதிக் கேட்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும்தான். அவளிடம் இருக்கும் பிரதி முழங்கால் பக்கத்து டிராயரில் கிடந்தது. குமாரசாமி மனைவியை இழந்தவர். மகன் ரிக் வண்டியோடு வடக்கே போய் ஏழு மாதம் ஆகிறது. காட்டில் இருக்கும் ஒரே பெண் மருமகள் பிரவீனா. அவள் படிவத்தின் ஓரத்தில், 'பதில் சொல்லும்போதெல்லாம் வாசலையே பார்த்தார்' என்று கேள்வி கேட்கப் போனவள் பென்சிலில் குறித்திருந்தாள்.

"அது… பதில் சொல்லலீன்னு அர்த்தமுங் மாமா."

குமாரசாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளின் அடியில் விரலை வைத்தார். "பதில் இல்லைன்னா ஒம்போதுன்னு இங்க அச்சடிச்சிருக்குதே?"

"நாலும்… அதேதானுங்."

"அதேவா?"

மேலே மின்விசிறி கடகடத்தது. அவர் தாளை நிதானமாக மடித்தார். முகத்தில் சிரிப்பு மாறவேயில்லை.

"நல்ல புள்ள சாமி நீ. பொய்யி சொல்லிப் பழக்கமில்ல, முகத்துலயே தெரியுது. பரவால்ல, ஊட்டுலயே கேட்டுக்கறேன். ஒத்தையில கெடக்கறா. பேச்சுத்தொணைக்கும் ஆச்சு."

சத்யபிரியா எழுந்தாள். மடியிலிருந்த பின்கள் தரையில் சிதறின. போன் செய்து சொல்லலாமென்றால் பிரவீனாவின் நம்பரை அழித்ததே அவள்தான்.

"மாமா, நில்லுங்க. நாலு நாளைக்குப் பிரவீனாவ நம்மூட்டுக்கு அனுப்புங்களே. எனக்கும் தொணையா இருக்கும். இப்பவே உங்ககூட வாரேன், நானே கூட்டியாரேன்."

குமாரசாமி வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். தாளைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.

"மாமா, உங்களைத்தானுங். கூட்டியாரட்டுங்களா?"

அவர் திரும்பாமலே கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிப் போனார்.