தலையாட்டித் தவறவிட்ட நாரைகள்

விடுமுறைக்குப் போனால் களைப்பு ஆறும் என்று சொல்கிறவர்கள் என் அக்காவோடு எங்கேயும் போனதில்லை.

எனக்கு மெல்பேர்னில், ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. நாள் முழுக்கப் பெட்டிகளை ஸ்கேன் பண்ணி அடுக்கிவிடுவது. நத்தார்ப் பண்டிகை நெரிசல் முடிந்து தை மாதம் லீவு கிடைத்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டிலும் மூடிய யன்னலும்தான். கிடைத்தது ஜப்பான். மெல்பேர்ன் வெயிலில் ரோட்டுத் தார் இளகிக்கொண்டிருக்க, நான் கம்பளிக் காலுறை தேடிக் கடை கடையாக அலைந்தேன்.

பயணம் அக்காவுடைய ஆசை. அவள் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறாள். அத்தான் செத்து, மகனும் கலியாணம் கட்டிப் பேர்த்துக்குப் போன பிறகு நாலு அறை வீட்டில் தனிய. டொக்டரிடம் போய்க் காத்திருந்தபோது அங்கே டிவியில் பார்த்தாளாம், பனிக்குள் நாரைகள் சோடி சோடியாக நின்று ஆடுகிறதை. அன்று பிடித்த பைத்தியம். அவள் அதைக் கொக்கு என்பாள். நான் நாரை என்பேன். பிளேன் ஏறும் வரைக்கும் அந்தச் சண்டை தீரவில்லை.

பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னம் வீடியோ கோலில் அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"ஏன் அங்க தனியக் கிடந்து மாயிறாய்? வந்து என்னோட இரன். பின் அறை சும்மாதானே கிடக்கு."

நான் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கும் ஆட்டுகிற மாதிரி, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. அவள் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. தப்பினேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்குப் போக விருப்பமில்லை. அண்ணன் வீடு, பிறகு புருசன் வீடு, அவனை விட்டு வந்த பிறகு வாடகை அறைகள் என்று, அடுத்தவர்களின் குசினியில் கேட்டுக் கேட்டுத் தேத்தண்ணி ஊற்றிய ஆள் நான். இப்போதுதான் எனக்கென்று ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. அங்கே கேத்தில் எப்போது கொதிக்க வேண்டும் என்று நான்தான் முடிவெடுப்பேன். வேலையிடத்தில் எனக்கு வாயாடி என்று பேர். மனேஜருக்கும் முகத்துக்கு நேரே சொல்லுவேன். அக்காவிடம் மட்டும் மாட்டன் என்று சொல்ல வாய் திறக்காது. தலைதான் ஆடும்.

ஹொக்கைடோவில் நாங்கள் தங்கிய பழைய சத்திரத்தில் கதிரை என்ற சாமானே இல்லை. பாயில் சாப்பாடு, பாயில் படுக்கை.

"ஊரில இருந்த மாதிரிக் கிடக்கு," என்றாள் அக்கா.

"ஊரில எங்களுக்கு முழங்கால் இருந்தது," என்றேன்.

தேநீர்ச் சடங்கென்று ஒரு அறைக்குள் கூட்டிப்போய் மண்டியிட்டு இருக்க வைத்தார்கள். கிண்ணத்தை எடுத்து, திருப்பி, பார்த்து, அதற்குப் பிறகுதான் குடிக்கலாம். உள்ளே பச்சைக் கசாயம். பாலும் இல்லை, சீனியும் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"நல்லாக் கிடக்கோ?"

"பேசாமல் குடி. அந்த மனுசி பாக்குது."

எழும்பும்போது கால் விறைத்துப்போய்ச் சுவரைப் பிடித்தேன். நான் சுவரென்று பிடித்தது கடதாசிக் கதவு. விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. தேநீர் தந்த மனுசி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஓட்டை போட்டவள் நான், நீ ஏன் குனிகிறாய்?

மறுநாள் விடியமுன்னம் நாரை பார்க்கக் கிளம்பினோம். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிக்கு எங்கள் வயதிருக்கும். நிதானமான ஆள், ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். இரவு முழுக்க நாரைகள் உறையாத ஆற்றுக்குள் நின்றபடி தூங்குமாம். வெயில் தண்ணீரைத் தொட்டதும் எல்லாம் எழும்பிப் பறக்குமாம். அதைப் பார்க்கத்தான் பாலத்தில் இவ்வளவு சனம் கமராவோடு நிற்கிறது என்றார்.

ஆற்றில் ஆவி. மரக்கொப்பெல்லாம் வெள்ளை. தூரத்தில் தண்ணீருக்குள் சாம்பல் நிறத்தில் என்னவோ நின்றன. கல்லாகவும் இருக்கலாம். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். நாங்கள் இரண்டு பேரும் தொப்பிக்கு மேல் தொப்பி போட்டு, வாயை மூடி மப்ளர் சுற்றியிருந்தோம்.

வழிகாட்டி எங்களைப் பார்த்துக் கேட்டார். "மிகவும் குளிர். இன்னும் இங்கே நிற்க விருப்பமா?"

இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து வணங்கி, வழுக்காமல் கையைப் பிடித்து எங்களை வான் வண்டிக்குக் கூட்டிப்போய் ஹீட்டரைப் போட்டுவிட்டார்.

"வேற நல்ல இடம் காட்டப் போறார் போல," என்றாள் அக்கா.

உண்மையைச் சொன்னால் எனக்கு நல்லதாய்ப் போயிற்று. சூடு வந்ததும் கண் சொருகியது. கண்ணாடியெல்லாம் புகைந்து ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று பாலத்தில் சனம் சத்தம் போட்டது. நான் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தேன். மரங்களுக்கு மேலால் நீட்டிய கால்கள் போய்க்கொண்டிருந்தன. அக்கா சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டி இறங்குவதற்குள் ஆறு வெறும் ஆறாகிவிட்டது.

"ஏன் எங்களைக் கூட்டி வந்தீர்கள்?" என்று வழிகாட்டியிடம் கத்தினேன்.

அவர் வெளிறிப்போனார். "நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள்."

"அது வேண்டாம் இல்லை. ஓம்!"

"அப்படியென்றால், வேண்டாம் என்பதற்கு எப்படி?"

அக்கா ஆட்டிக் காட்டினாள்.

"யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு?"

அக்கா அதற்கும் ஆட்டிக் காட்டினாள். அவர் எங்கள் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்து, "மூன்றும் ஒன்று," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"எடி, அண்டைக்குப் போனில நீ ஆட்டினது எந்த ஆட்டல்?"

நான் வானில் ஏறிச் சீட் பெல்ட்டை இழுத்தேன். அவளும் பின்னால் ஏறினாள்.

"பின் அறைக்குப் பெயின்ட் அடிச்சுப்போட்டன். கட்டிலும் வந்திட்டுது. சித்தி வாறா எண்டு மகனுக்கும் சொல்லிப்போட்டன்."

"நான் வரேல்லை அக்கா."

"ஆட்டினனீதானே!"

"ஆட்டினனான். வாறன் எண்டு சொல்லேல்லை."

"ஏன், நான் உன்னைக் கடிச்சுத் தின்னப் போறனோ?"

"எனக்கு என்ர வீடே போதும்."

வழிகாட்டிக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வானை மெதுவாக எடுத்தார். அக்கா கையுறையைக் கழற்றினாள், போட்டாள், திரும்பக் கழற்றினாள்.

"பின்னேரமானா அந்த வீட்டுக்குள்ள போகப் பயமாக் கிடக்கு," என்றாள் கடைசியில். "கராஜுக்குள்ள காரை விட்டிட்டு, காருக்குள்ளயே இருக்கிறனான். சில நாள் இருட்டும் வரைக்கும்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இதைச் சொல்ல ஹொக்கைடோ வரைக்கும் வர வேண்டுமா? போன முறை சிட்னிக்குப் போனபோது செவன் ஹில்ஸில் ஒரு கலியாண வீடு முடிந்து ஒரே காரில் வந்தோம், அப்போது சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அவள் கேட்டரிங்காரனைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள்.

வழிகாட்டி எங்களை ஒரு பனி வயலுக்குக் கொண்டுபோனார். அங்கே நாரைகளுக்குத் தீனி போடுவார்களாம். தன் பிழைக்கு ஈடு என்றார். பிழை அவருடையது இல்லை என்று இந்த முறை வாயால் சொன்னேன்.

ஆற்றிலிருந்து போனவை ஒவ்வொன்றாக அங்கே வந்திறங்கின. உயரம் எங்கள் நெஞ்சு மட்டும் வரும். உச்சந்தலையில் பொட்டு வைத்த மாதிரிச் சிவப்பு. ஒரு சோடி கழுத்தை நிமிர்த்திக் கத்தியது. கத்தினபோது வாயிலிருந்து ஆவி பறந்தது. ஆண் ஒரு தரம் கூப்பிட்டால் பெண் இரண்டு தரம் பதில் சொல்லும் என்றார் வழிகாட்டி.

"கேட்டியே? அதுகள் வாயைத் திறந்து பதில் சொல்லுதுகள்," என்றாள் அக்கா.

"நானும் ரெண்டு தரம் சொல்லட்டோ? வரேல்லை. வரேல்லை."

கையுறையால் என் தோளில் அடித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது புகைந்திருக்கவில்லை.

ஒரு நாரை துள்ளி இறக்கையை விரித்தது. மற்றதும் துள்ளியது. இதைப் பார்க்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள். பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காலில் உணர்ச்சியே இல்லை. இருக்க ஒரு கதிரை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"அந்த வீட்டை வித்துப்போட்டு, சின்னனா ஒண்டு பாருங்கோவன்," என்றேன். "கராஜ் இல்லாததா."

அவள் நாரைகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஓமோ, இல்லையோ?"

"தெரியேல்லை," என்றாள்.

வாயால்தான் சொன்னாள்.